அமரர் ஊர்தியில் விழுந்த தங்கத் தூறல்

மரியலூர்து கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பங்குக் கோயிலின் அமரர் ஊர்தியை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் பண்ருட்டியில் பலாப்பழ லாரி ஓட்டியவர். பழம் நசுங்கினால் வியாபாரி கத்துவார், நேரமானால் மண்டிக்காரர் கத்துவார். இந்த வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது. திடீரென்று பிரேக் போட்டதற்காகப் பின்னால் படுத்திருப்பவர் ஒருவரும் இதுவரை தன்னைத் திட்டியதில்லை என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லுவார்.

வண்டி ஒரு பழைய டெம்போ டிராவலர். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. இரண்டு பக்கமும் நீல எழுத்தில் 'இலவச அமரர் ஊர்தி' என்று பெரிதாக எழுதியிருக்கும். வேலை இல்லாத நாளில் கோயிலுக்குப் பின்னால் தேர்க் கொட்டகையை ஒட்டி நிழலில் நிறுத்திவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்குவார். பெட்டி வைக்கிற இடம் எப்படியும் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத்தான் இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே ஸ்ஸ் என்று சத்தம் கேட்டது. கோடையில் நல்ல தூறல் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தார். சத்தம் நின்றபின் எழுந்து கதவைத் திறந்து இறங்கினால் தரை காய்ந்து கிடந்தது. வண்டியின் இடது பக்கம் முழுக்கத் தங்கமாக மின்னியது.

கொட்டகையில் அவருடைய மனைவியின் தம்பி தேவசகாயம் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்பிரே கன்னோடு நின்றிருந்தான். திருவிழாக் கமிட்டியில் இந்த வருஷம் அவன்தான் தேர்ப் பொறுப்பு. பிரஷ்ஷால் அடித்தால் நாள்கணக்கில் ஆகிறது என்று கம்ப்ரசர் வாடகைக்கு எடுத்து வந்திருந்தான்.

"என்னா மச்சான் இது?"

"தேருக்குத் தங்கக் கலர் அடிச்சேன் மாமா."

"தேரு அந்தப் பக்கம் இருக்குது. வண்டி இந்தப் பக்கம் இருக்குது."

"காத்தும் இந்தப் பக்கமாத்தான் இருந்துச்சு," என்றான் தேவசகாயம்.

மரியலூர்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருந்தது. கையில் ஒன்றும் ஒட்டவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் வண்டியைச் சுற்றி வந்தார். வலது பக்கம் நின்று பார்த்தால் சாவு வண்டி. இடது பக்கம் நின்று பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வண்டி.

"ஒரு துணியில தின்னர் தொட்டுத் தொடச்சா போயிடும்," என்று தேவசகாயம் தைரியம் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் துணியை நனைத்து வண்டியின் நடுப்பகுதியில் வைத்து மூச்சைப் பிடித்துத் தேய்த்தான். தங்கம் போனது உண்மைதான். ஆனால் அவன் கையை எடுத்தபோது அதோடு சேர்ந்து 'அமரர்' என்ற எழுத்தும் போயிருந்தது. அந்த இடம் பால் வற்றிய பாத்திரத்தின் அடி மாதிரி மங்கலாக இருந்தது. முன்னால் 'இலவச', பின்னால் 'ஊர்தி', இரண்டும் தங்கப் பொடிக்கு நடுவில் நன்றாகத் தெரிந்தன.

மரியலூர்து துணியைப் பிடுங்கிக் கொண்டார்.

ராத்திரி தேவசகாயம் போனில் ஏதோ வீடியோ பார்த்தான். ஒரு வெள்ளைக்காரர் காரில் விழுந்த பெயிண்டுத் தூறலை எடுத்துக் காட்டினாராம். அவர் பேசிய இங்கிலீஷில் 'கிளே' என்ற ஒரு வார்த்தை மட்டும் இவனுக்குப் பிடிபட்டது. விடிந்ததும் ஓர் அன்னக்கூடை நிறையக் களிமண்ணோடு வந்து நின்றான்.

"கெடிலத்துல எடுத்தேன் மாமா. திருவந்திபுரம் பக்கம். நல்லா வெண்ணெயாட்டம் இருக்குது."

"கார எதுக்குடா களிமண்ணு போட்டுத் தேய்க்கிறான்?"

"அவன் ஊருல என்னா பழக்கமோ."

பின் பம்பருக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாகத் தேய்த்துப் பார்த்தார்கள். ஆற்று மண்ணுக்குள் மணல் இருந்தது. தங்கம் அப்படியே இருக்க, அதற்கு மேல் கோழி கிளறியது போலக் கீறல் விழுந்தது. இனி இந்த வண்டியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று மரியலூர்து சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

சூசைநாதன் இறந்துவிட்டார். ஓய்வு பெற்ற கண்டக்டர். வேலை பார்த்த காலம் முழுக்கக் கடலூர் சிதம்பரம் தடத்தில் ஓடியவர். சொந்த ஊர் சிதம்பரம். அப்பா அம்மாவை அடக்கம் செய்த கல்லறையிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். இன்னொரு அமரர் ஊர்தி விருத்தாசலம் போயிருந்தது. வேறு வழி இல்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மரியலூர்து முடிந்தவரை வலது பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தினார். கூட்டம் இருந்தால் மறைத்திருக்கும். கூட்டம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் பென்ஷன் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். சூசைநாதன் கறாரான மனிதர், அதிகம் பேர் வரமாட்டார்கள் என்று அதில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

மகள் சகாய பிரியா இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். காலையிலிருந்து அழாமல் எல்லாருக்கும் போன் போட்டு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். வண்டியைச் சுற்றி வந்தவள் இடது பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அங்கிள், இது என்னா?"

"தேருக்கு அடிச்சதும்மா. தப்பி வந்து விழுந்துடுச்சு."

அவளுடைய அம்மா ஜெயமேரி பின்னாலேயே வந்தார். தங்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி ஓடுமா தம்பி?"

"ஓடும்மா."

"அப்ப சரி."

சூசைநாதனை ஐஸ் பெட்டியோடு ஏற்றினார்கள். சவப்பெட்டி சிதம்பரத்தில் தயாராக இருந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி மேல் வெயில் படாமல் ஜெயமேரி ஒரு வெள்ளை லேஸ் துணியைப் போர்த்தினார். பெட்டிக்குப் பக்கத்து நீள சீட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். பென்ஷன் சங்கத்து ஆட்கள் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மரியலூர்துவின் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பும், அதில் திரை போட்ட சின்னக் கண்ணாடியும் உண்டு.

குடிகாட்டைத் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு வழக்கம்போல ஜன்னலை மூடினார்கள். மூடியதில் தேவசகாயத்தின் தின்னர் வாடை உள்ளேயே தங்கிவிட்டது. ஆலப்பாக்கம் வருவதற்குள் சகாய பிரியாவுக்குக் குமட்டியது. தடுப்பைத் தட்டினாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே மரியலூர்து வண்டியை ஓரம் கட்டினார். அம்மா மகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒரு புளியமரத்தடிக்குக் கூட்டிப் போனார். மரியலூர்து முன்னால் பார்த்தபடி, தின்னர் வாடையில் எரிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் கதவு இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. தடுப்பில் யாரோ தட்டினார்கள். கியரைப் போட்டுக் கிளம்பினார்.

நான்கைந்து கிலோமீட்டர் போனபின் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"பெரியப்பட்டுல கொஞ்சம் நிறுத்துப்பா."

ஜெயமேரியின் குரல் அது இல்லை. சகாய பிரியாவின் குரலும் இல்லை. மரியலூர்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அந்த வண்டியில் மூன்றாவதாக இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் இப்படியெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. வண்டியை அப்படியே நிறுத்தித் திரையை விலக்கினார்.

உள்ளே நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்தவள் மடியில் கருவாட்டுக் கூடை. அடுத்தவர் கையில் மாத்திரைப் பையோடு வயதானவர். மற்ற இரண்டு பேரும் பட்டுப்புடவை, தலைநிறையப் பூ.

"நீங்கல்லாம் யாரு?"

"ஏறுனவங்க," என்றாள் கருவாட்டுக்காரி. அவள் பெயர் இளவரசி என்பது பிறகு தெரிந்தது.

"எங்க ஏறுனீங்க?"

"ஆலப்பாக்கத்துல. இலவசம்னு அம்மாம் பெருசா எழுதியிருக்குது. பொம்பளைங்களுக்குத்தான?"

"இதுல எல்லாருக்கும் இலவசந்தாம்மா," என்று மரியலூர்து திணறினார். "ஆனா இது அந்த மாதிரி வண்டி இல்ல."

பட்டுப்புடவைகளில் இளையவள் ரேகா. மற்றவர் அவளுடைய மாமியார். "புதுச்சத்திரம் காதுகுத்துக்கு விட்ட வண்டி இல்லீங்களா?" என்று ரேகா கேட்டாள். "ஜிகுஜிகுன்னு இருந்துச்சேன்னு ஏறிட்டோம். அப்ப இது ஐஸ்கிரீம் பெட்டி இல்லயா? ஜில்லுனு இருக்குதே."

இளவரசி லேஸ் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாக விட்டாள். திரும்பவும் தூக்கிப் பார்த்தாள்.

"சில்லற சூசை," என்றாள்.

மாத்திரைப் பை வைத்திருந்த மங்கலமும் எட்டிப் பார்த்தார். "அட, ஆமா. அந்தக் கண்டக்டர்தான். எப்ப போனாரு?"

"காலையில," என்று பதில் சொன்ன பிறகுதான் மரியலூர்துவுக்கு உறைத்தது. இறந்தவர் இருக்கிறார், தெரியாதவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், பெண்டாட்டியும் பிள்ளையும் புளியமரத்தடியில் நிற்கிறார்கள். வண்டியைத் திருப்பினார்.

சகாய பிரியா ரோட்டு நடுவிலேயே கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஜெயமேரி பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல.

"எங்கள விட்டுட்டு எங்க போனீங்க அங்கிள்?"

"கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சும்மா. தட்டுன சத்தமும் கேட்டுச்சு. நீங்கதான்னு நெனச்சேன். இவங்க தெரியாம ஏறிட்டாங்க."

ஜெயமேரி எழுந்து வந்து உள்ளே பார்த்தார். நான்கு பெண்களும் எழுந்து நிற்க முயன்று தலையை இடித்துக்கொண்டார்கள்.

"அவுரு கூட நீங்க இருந்தீங்களா?" என்று அவர்களைக் கேட்டார்.

"இருந்தோம்மா," என்றார் மங்கலம்.

"அப்ப தனியா போகல," என்று சொல்லிவிட்டு ஜெயமேரி ஏறி உட்கார்ந்தார்.

அவர்களை வழியில் அவரவர் இடத்தில் இறக்கிவிடுவதாகத்தான் மரியலூர்து சொன்னார். மங்கலம் ஒத்துக்கொள்ளவில்லை. சாவு வண்டியில் ஏறியவர்கள் அடக்கம் முடியாமல் பாதியில் இறங்கக் கூடாது என்றார். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக மற்ற யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் சொன்ன உறுதியில் எதிர்த்துப் பேசவும் யாருக்கும் துணிவில்லை. ரேகாவின் மாமியார் மட்டும் காதுகுத்துக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசைப் பைக்குள் தள்ளிக்கொண்டு பெருமூச்சு விட்டார். பெரியப்பட்டு போனது. புதுச்சத்திரமும் போனது. மைக்செட் பாட்டு கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே வந்தது.

பரங்கிப்பேட்டை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் சகாய பிரியாவின் போன் அடித்தது. சூசைநாதனின் அண்ணன் செவத்தியான். கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜப்திக்குப் போன வீடுகளில் பேசிப் பேசி அவர் குரலே நோட்டீஸ் படிக்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஸ்பீக்கரில் போடாமலே எல்லாருக்கும் கேட்டது.

"ஆலப்பாக்கத்துல எவனோ போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெச்சிருக்கான். எனக்கு வந்துடுச்சு. ஜரிகை வெச்ச வண்டியில பட்டுப்பொடவ கட்டுன பொம்பளைங்க ஏறுறாங்க, உள்ள ஐஸ் பெட்டி தெரியுது. அதுலயா எந்தம்பி வரான்?"

"பெரியப்பா, அது வந்து..."

"வண்டிகேட்டத் தாண்டி அந்த வண்டி வரக் கூடாது. சுத்தம் பண்ணி வெள்ளையாக்கிட்டு வாங்க. இல்லன்னா நான் கோயில் கேட்ட மூடிருவேன்."

கோயில் கேட்டை மூடுகிற அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சிதம்பரத்துக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிற வண்டிகேட்டில் கார் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. பக்கத்திலேயே வண்டி கழுவுகிற இடமும் இருந்தது. கடைக்காரர் சேரன், வந்து நின்ற வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக வந்தார். சுற்றி வந்து வலது பக்கத்தைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே, புதுக் கார் ஒண்ணு பூஜைக்கு வந்து நிக்குது. சீட்டு கவர் மாட்டிக்கினு இருக்கோம். இந்த நேரத்துல..."

"அந்தக் காருக்கு முன்னாடி நிறுத்த மாட்டேன் தம்பி. பின்னாடி நிறுத்திக்கிறேன்."

"தண்ணி தரேன். சாமான் தரேன். என் பசங்க கை வைக்க மாட்டாங்க. பயப்படுவாங்க."

"சாமான் என்னா?"

"கிளேண்ணே."

மரியலூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "களிமண்ணு போட்டுப் பாத்தாச்சு தம்பி. வண்டிதான் கீறிப்போச்சு."

சேரன் உள்ளே போய்ச் சோப்புக்கட்டி மாதிரி நீல நிறத்தில் ஒரு கட்டியைக் கொண்டு வந்தார். அழுத்தினால் சப்பாத்தி மாவு போல அமுங்கியது. இது ஆற்று மண் இல்லை, இதற்கென்றே கம்பெனியில் செய்வது என்றார். வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீர் அடித்து ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கட்டியைத் தட்டையாக்கி மேலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அழுத்தவே கூடாது. பெயிண்டுப் புள்ளியை அதுவே பிடித்து இழுத்துக்கொள்ளும். அழுக்கானால் மடித்து உள்பக்கத்தை வெளியே எடுக்க வேண்டும். கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மணல் ஒட்டியிருக்கும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடையில் இருந்த அத்தனை கட்டிகளையும் கொடுத்தார். கொடுத்தவர் புதுக் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மரியலூர்து ஒரு கட்டியைக் கிள்ளி எடுத்துக் கதவோரத்தில் வைத்து இழுத்தார். முதலில் கரகரவென்று போனது. நாலு தடவை போனபின் வழவழவென்று ஓடியது. கட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் தங்கம் அப்பியிருந்தது. கதவில் ஒரு சாண் இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

இப்படி ஒரு சாண் ஒரு சாணாக எடுத்தால் சூசைநாதனை மறுநாள்தான் அடக்கம் செய்ய முடியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இளவரசி இறங்கி வந்து புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"குடு இப்படி. இது ஒத்த ஆளு வேல இல்ல."

அவளுக்குப் பின்னால் மங்கலம் வந்தார். ரேகா பட்டுப்புடவைக்கு மேல் மரியலூர்துவின் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் மாமியார் சோப்புத் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். கடைசியில் ஜெயமேரியும் வந்தார். நீங்கள் உட்காருங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். உள்ளே உட்கார்ந்து மட்டும் என்ன செய்யப் போகிறேன் என்று அவரும் ஒரு துண்டு கிள்ளிக்கொண்டார். வண்டிகேட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வண்டிக்குள் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

தேய்க்கத் தேய்க்கப் பேச்சு வந்தது.

"என்ன மூணு வாட்டி எறக்கி விட்டிருக்காரு," என்றாள் இளவரசி. "கூடைக்குத் தனியா டிக்கெட் வாங்குன்னாரு. கருவாடு என்னா ஆளான்னேன். எறங்குன்னுட்டாரு."

"என்னைய ஒரு கோழிக்காக எறக்குனாரு," என்றார் மங்கலம். "காரைக்காட்டுல. கோழிய மடியிலதான் வெச்சிருந்தேன். மடிக்கும் டிக்கெட்டாம்."

ரேகாவைப் பள்ளிக்கூடம் படிக்கும்போது மழையில் இறக்கிவிட்டிருக்கிறார். பாஸில் போட்டோ ஒட்டவில்லை என்று. அவள் மாமியார் தன்னை இறக்கிவிட்ட கண்டக்டர் வேறு ஆள் என்றார். பிறகு யோசித்து, இல்லை, இவர்தான் என்றார்.

சகாய பிரியா வண்டியின் பின்பக்கத்தில் யாரோடும் சேராமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றி இவர்கள் பேசுவது அவளுக்குக் கூசியது. மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள் போலிருக்கிறது, அம்மா முகத்தைப் பார்த்தாள். ஜெயமேரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னையுந்தான் எறக்கி விட்டாரு," என்றார். "கல்யாணம் ஆன புதுசு. கண்டக்டர் பொண்டாட்டிக்கு எதுக்கு டிக்கெட்டுன்னு கம்முனு உக்காந்துட்டேன். விசில் ஊதி எறக்கிட்டாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கால் வலிக்குதான்னு கேட்டாரு."

அந்தக் கதை மகளுக்கும் தெரியாது. அவள் முதலில் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ வழிமாறி அழுகையாகிவிட்டது. காலையிலிருந்து வராமல் இருந்ததெல்லாம் வந்தது. நெற்றியை ஈர வண்டியில் சாய்த்துக்கொண்டு அழுதாள். கை மட்டும் வட்டமாகத் தேய்த்துக்கொண்டேயிருந்தது. மரியலூர்து சும்மா இருக்க முடியாமல் அவள் தேய்த்த இடத்துக்கே மறுபடி தண்ணீர் அடித்துக்கொடுத்தார்.

இடது பக்கம் முடிகிற நேரத்தில் செவத்தியான் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் குடை. நேராக வந்து வண்டிக்கு முன்னால் நின்று, ஜப்தி செய்ய வந்த வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சேரன் சொல்லிக் கொடுத்தபடி ரேகா ஒரு கேரி பேகை நீட்டினாள். "இதுல கைய வுட்டுத் தடவிப் பாருங்க. சொரசொரப்பு இருந்தா தெரியும்." செவத்தியான் கையை விட்டுக் கதவிலிருந்து கடைசி வரை தடவிக்கொண்டே போனார். சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் நின்றார்.

"இங்க இருக்குது."

இளவரசி அந்த இடத்தையும் எடுத்தாள்.

பிறகு அவர் வலது பக்கம் போனார். அங்கே நின்றவர் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை. கட்டி தங்கத்தை மட்டும் எடுக்கவில்லை, பத்து வருஷத்துப் புகையையும் அழுக்கையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தது. இடது பக்கம் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி பளீரென்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் வலது பக்கம் மஞ்சளாக, யாரோ டீ ஊற்றியது போலத் தெரிந்தது.

"இது என்னா, அழுக்கு வண்டியா இருக்குது?"

"அது எப்பவும் அப்படித்தாங்க," என்றார் மரியலூர்து.

"எந்தம்பி ஒரு நாள் அழுக்குச் சட்டை போட்டு டூட்டிக்குப் போனதில்ல. இந்தப் பக்கமும் பண்ணுங்க."

யாரும் அசையவில்லை. எல்லாருக்கும் தோள் வலித்தது. செவத்தியான் குடையை மடக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு கட்டியை எடுத்தார். எடுத்தது வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து அப்படியே வண்டியில் வைக்கப் போனார். இளவரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ வுழுந்தத வெக்கக் கூடாது பெரியவரே. கீறிடும்."

அமீனாவாக இருந்தவர் மறுபேச்சுப் பேசாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டு வாங்கிக்கொண்டார்.

மறுபடி எல்லாரும் தேய்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, வண்டியைப் பார்த்தபடி அவர் சொன்னார்.

"என்னையும் எறக்கி விட்டான். ஜப்தி நோட்டீசோட போறேன், கவர்மெண்டு வேலை, டிக்கெட் கேக்காதன்னு சொன்னேன். பஸ்ஸு நெறைய ஜனம். அத்தன பேருக்கு முன்னாடி எறக்கி விட்டான். அப்புறம் நான் அவன் வீட்டுக்குப் போகல."

ஜெயமேரி கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அண்ணன் தம்பிக்குள் என்ன சண்டை என்று இத்தனை வருஷம் கேட்டும் சூசைநாதன் சொன்னதில்லை.

"எங்க எறக்குனாரு?" என்று இளவரசி விசாரித்தாள்.

"பூண்டியாங்குப்பம்."

"அங்க அப்ப நெழலுகூட கெடையாது," என்றாள் அவள்.

"கெடையாது," என்று ஒத்துக்கொண்டார் செவத்தியான்.

கடைசியாகச் சேரன் ஒரு டப்பா மெழுகையும் துணியையும் கொண்டு வந்து கொடுத்தார். புதுக் கார்காரர் பூஜை முடிந்து கிளம்பும்போது வண்டியை நிறுத்தி இறங்கி, இந்த வண்டி இப்படி மின்னுகிறதே, என்ன போட்டீர்கள் என்று கேட்டார். மரியலூர்துவுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. 'அமரர்' அழிந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. செவத்தியான் அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஜெயமேரி ஐஸ் பெட்டி மேல் கிடந்த சம்பங்கி மாலைகளில் ஒன்றை எடுத்து அந்த இடத்தை மறைக்கிற மாதிரி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

சிதம்பரத்துக் கோயிலில் பங்குச்சாமியார் நேரமாகிவிட்டதென்று வாசலிலேயே நின்றிருந்தார். பென்ஷன் சங்கத்து ஆட்கள் எப்போதோ வந்து சேர்ந்திருந்தார்கள். வந்த வண்டியின் பளபளப்பையும், அதிலிருந்து இறங்கிய பெண்களின் நனைந்த புடவைகளையும், சோப்பு நுரை காயாத கைகளையும் பார்த்துவிட்டு அவர்கள் விலகி வழி விட்டார்கள். பெரிய மனிதர் சாவு என்று நினைத்து ரோட்டில் போனவர்கள் சிலரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சூசைநாதனைச் சவப்பெட்டிக்கு மாற்றி, பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார்கள். மண் போடும்போது மங்கலம் இரண்டு பிடி போட்டார். ஒன்று தனக்கு, ஒன்று கோழிக்கு என்று ரேகாவின் காதில் சொன்னார். ரேகா தலையைக் குனிந்துகொண்டாள். செவத்தியான் தம்பியின் குழிக்குப் பக்கத்தில் எல்லாரும் கலைந்த பிறகும் நின்றார். மரியலூர்துதான் போய்க் குடையைப் பிடித்தார்.

திரும்பும்போது ஐஸ் பெட்டியைச் சிதம்பரத்திலேயே இறக்கி வைத்துவிட்டதால் வண்டியில் இடம் தாராளமாக இருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. சகாய பிரியா அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் இறக்கிவிட வேண்டியிருந்தது. இதில்தான் மரியலூர்து எதிர்பார்க்காத கஷ்டம் வந்தது. புதுச்சத்திரத்தில் அமரர் ஊர்தி வந்து நின்றதும் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதைக்காக எழுந்து நின்றார்கள். கதவைத் திறந்துகொண்டு பட்டுப்புடவையில் இரண்டு பெண்கள் இறங்கிக் காதுகுத்து வீடு எந்தத் தெரு என்று கேட்டதும் ஒருவர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டார்.

பெரியப்பட்டில் இளவரசியின் புருஷன் ஆண்டி சாலையோரம் நின்றிருந்தார். மத்தியானமே வர வேண்டியவள் வரவில்லை, போனும் போகவில்லை என்று அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்த மனிதர். சாவு வண்டி வேகம் குறைந்து தன் பக்கத்திலேயே வந்து நிற்பதைப் பார்த்தார். உள்ளிருந்து, "ஏங்க, இந்தக் கூடைய வாங்குங்க," என்று பெண்டாட்டியின் குரல் கேட்டது. அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இளவரசி இறங்கி, கூடையைத் தானே எடுத்துத் தரையில் வைத்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திரு. போன்ல சார்ஜு இல்ல. ஒரு சாவுக்குப் போயிட்டு வரேன்."

ஆண்டி அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "யாரு சாவு?"

இளவரசி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் ஜெயமேரி கையைத் தூக்கிக் காட்டினார்.

"நமக்கு வேண்டியவருதான்," என்றாள் இளவரசி.